நூறு நாட்டுக்கோழிக் குஞ்சை மேய்ச்சலில் கறிக்கோழியாக வளர்த்தெடுக்க: புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

நாட்டுக்கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்களில் பாதிப்பேர் ஒரே நினைப்போடு வருகிறார்கள். தோட்டம் இருக்கிறது, சுற்றி வேலி இருக்கிறது, நூறு குஞ்சு வாங்கி விட்டால் புழு பூச்சியைத் தின்று அதுபாட்டுக்கு வளர்ந்துவிடும், தீவனச் செலவே கிடையாது என்று. வளர்ந்த கோழிக்கு இது ஓரளவு பொருந்தும். குஞ்சுக்குப் பொருந்தவே பொருந்தாது. வீட்டுக்கோழி அடைகாத்துப் பொரித்த குஞ்சு அப்படி வளர்கிறதே என்று கேட்கலாம். அதற்கு ஒரு தாய்க்கோழி இருக்கிறது, சூடு கொடுக்கிறது, கிளறிக் காட்டுகிறது, பருந்து வந்தால் இறக்கைக்குள் இழுத்துக்கொள்கிறது, அப்படியும் பத்துக் குஞ்சில் ஐந்தோ ஆறோதான் தேறும். நீங்கள் வாங்கி வரும் நூறு குஞ்சுக்கும் அந்தத் தாய்க்கோழி நீங்கள்தான். முதல் எட்டு வாரம் நல்ல தீவனம் போட்டு வளர்த்த குஞ்சுதான் அப்புறம் மேய்ச்சலில் உங்கள் செலவைக் குறைக்கும். ஆரம்பத்திலேயே செலவை மிச்சம் பிடிக்கப் போனால், நாலு மாதம் கழித்தும் முக்கால் கிலோவில் நிற்கிற கோழிதான் கையில் இருக்கும்.

நூறு குஞ்சை வைத்தே எல்லாக் கணக்கையும் சொல்கிறேன். முதல் முறை அதற்கு மேல் போகாதீர்கள்.

எந்தக் குஞ்சு வாங்குவது

சுத்தமான சிறுவிடை, அதாவது சின்ன உடம்பு நாட்டுக்கோழி, மெதுவாகத்தான் வளரும். ஒரு கிலோ வர மூன்றரை மாதம், நாலு மாதம்கூட ஆகும், ஆனால் கறிக்கு விலையும் மதிப்பும் அதிகம், மேய்ச்சலுக்கும் கெட்டிக்காரக் கோழி. பெருவிடை, அதாவது அசில், உடம்பு போடும், ஆனால் சேவல்கள் இளசிலேயே ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், புதியவர்களுக்கு அது பெரிய தலைவலி. கழுத்தில் இறகில்லாத கிராப்பு வகை வெயிலை நன்றாகத் தாங்கும். கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்துக் கருங்கோழி, அதற்கு வாங்குகிற ஆள் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இது போக, நாட்டுக்கோழி மாதிரியே இருந்து கொஞ்சம் வேகமாக வளரும் மேம்படுத்திய இனங்கள் உண்டு: ஹைதராபாத்தில் உருவான வனராஜா, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, நாமக்கல் கோழி-1. சொந்த ஊர்ச் சந்தைக்கு எது போகும் என்று தெரியாத நிலையில் கலப்பு இல்லாத சிறுவிடையையோ, நம்பகமான இடத்தில் நந்தனம் மாதிரி ஒன்றையோ எடுப்பது நல்லது.

ஒருநாள் குஞ்சா, ஒரு மாதக் குஞ்சா என்பது அடுத்த கேள்வி. ஒரு மாதக் குஞ்சு விலை அதிகம், ஆனால் ஆபத்தான காலத்தை வேறொருவர் கடத்திக் கொடுத்துவிடுகிறார். வீட்டில் பகல் முழுக்க ஆள் இல்லாதவர்கள் ஒரு மாதக் குஞ்சே வாங்குங்கள். எந்தெந்தத் தடுப்பூசி எந்தத் தேதியில் போட்டார்கள் என்று எழுதி வாங்க மறக்காதீர்கள். ஒருநாள் குஞ்சு வாங்கினால் பெட்டியைத் திறந்து கையில் எடுத்துப் பாருங்கள். தொப்புள் காய்ந்து மூடியிருக்க வேண்டும், கண் பளிச்சென்று இருக்க வேண்டும், மல்லாக்கப் போட்டால் சட்டென்று புரண்டு எழ வேண்டும். பின்பக்கம் எச்சம் ஒட்டிக்கிடக்கிற குஞ்சையும், கால் விரல் கோணலாக இருப்பதையும் அங்கேயே கழித்துவிடுங்கள். மேரக்ஸ் என்கிற வாத நோய்க்கான தடுப்பூசி பொரிப்பகத்திலேயே முதல் நாள் போட வேண்டியது, போட்டாயிற்றா என்று கேளுங்கள்.

குஞ்சும் தீவனமும் நாங்களே தருகிறோம், வளர்த்துக் கொடுத்தால் மாதம் இவ்வளவு நிச்சயம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று யாராவது வந்தால் பக்கமே போகாதீர்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழியில் இதே மாதிரிப் பணம் போட்டு ஏமாந்தவர்கள் பட்ட பாட்டைக் கொங்கு நாட்டில் இன்னும் யாரும் மறக்கவில்லை.

மாதக் கணக்கு

குஞ்சு எப்போது விடுவது என்பதை விற்கிற மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். புரட்டாசியில் கறி விற்காது. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்களால் கொஞ்சம் மந்தம். ஆடியில் குலதெய்வம் கோயில்களுக்குச் சேவல் கேட்டு வீடு தேடி வருவார்கள், தீபாவளிக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் சொல்லவே வேண்டாம். மூன்றரை மாதம் என்று வைத்துக்கொண்டால் ஆடிக்குச் சித்திரையில் குஞ்சு விட வேண்டும், தீபாவளிக்கு ஆடியில், பொங்கலுக்குப் புரட்டாசி நடுவில். இதில் பொங்கல் பேட்சுக்கு ஒரு சிக்கல் உண்டு: குஞ்சுப் பருவம் சரியாக ஐப்பசி மழையில் வந்து விழும், ஈரமும் குளிரும் சேர்ந்து வரும். முதல் பேட்சாக அதை எடுக்காதீர்கள், ஆடியில் ஆரம்பியுங்கள்.

குஞ்சு வருவதற்கு முன்

கொட்டகை கிழக்கு மேற்காக நீளவாக்கில் இருக்கட்டும், அப்போதுதான் காலை மாலை வெயில் நேராக உள்ளே இறங்காது. இராத்தங்கலுக்குக் கோழி ஒன்றுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு சதுர அடி. நூறு கோழிக்கு 10-க்கு 20 அடியில் ஓலையோ ஓடோ வேய்ந்த கொட்டகை தாராளமாகப் போதும். தகரம் போட்டால் மேலே ஓலையோ கீற்றோ பரப்புங்கள். எலி, கீரி, பாம்பு நுழையாத அளவுக்குச் சிறிய கண் உள்ள கம்பிவலை அடிக்க வேண்டும், கோழிவலை என்று பெரிய கண்ணில் விற்பதை அடித்தால் எலி சுலபமாக நுழைந்துவிடும். குஞ்சுகளை இரவில் இழுத்துப்போவதில் எலிக்குப் பெரிய பங்கு உண்டு, பலரும் அதைப் பாம்பின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

கொட்டகைக்குள் ஒரு மூலையில்தான் குஞ்சுக்கான இடம். அட்டையையோ தகட்டையோ ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டமாக வளைத்துக் கட்டுங்கள், நூறு குஞ்சுக்கு ஐந்தடி விட்டம் போதும், நாலாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்திக்கொண்டே போகலாம். சதுரமாகத் தடுக்காதீர்கள். குளிர் அடித்தால் குஞ்செல்லாம் மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள், ஆனால் குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும், ஒரே ராத்திரியில் இருபது முப்பது போய்விடும்.

தரையில் இரண்டு அங்குல உயரத்துக்கு நெல் உமியோ காய்ந்த தேங்காய் நார்க்கழிவோ பரப்புங்கள். நார்க்கழிவு என்றால் வெயிலில் நன்றாகக் காய வைத்தது மட்டும். அதன்மேல் செய்தித்தாளை விரித்து, முதல் இரண்டு மூன்று நாள் தினமும் மாற்றுங்கள். அதற்குமேல் தாள் வேண்டாம், வழுக்கி வழுக்கிக் குஞ்சின் கால் அகன்றுபோகும்.

சூட்டுக்குப் பல்பு. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: எல்இடி பல்பு சூடு தராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும், குஞ்சு ஒன்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாட் கணக்கில் நூறு குஞ்சுக்கு 60 வாட் பல்பு மூன்று, தரையிலிருந்து ஒன்றே கால் அடி உயரத்தில் தொங்கட்டும். குண்டு பல்பு கிடைக்காத ஊரில் 250 வாட் அகச்சிவப்பு விளக்கு ஒன்று வாங்கி இரண்டடி உயரத்தில் கட்டலாம். கரண்டு போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். மண்பானையில் கரியைப் போட்டு நன்றாகக் கனிந்தபின் வட்டத்துக்கு நடுவில் செங்கல் மேல் வைப்பது பழைய வழி, நல்ல வழியும்கூட, ஆனால் கொட்டகையை முழுக்க மூடிவிட்டு அப்படிச் செய்தால் புகையே தெரியாமல் கார்பன் மோனாக்சைடு என்கிற நச்சு வாயு குஞ்சுகளைக் கொன்றுவிடும். பக்கவாட்டில் தார்ப்பாயோ சாக்கோ கட்டினாலும் மேலே ஓரடி எப்போதும் திறந்தே இருக்க வேண்டும்.

முதல் வாரம்

குஞ்சு வருவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே பல்பைப் போட்டு உமி சூடேறியிருக்க வேண்டும். வந்ததும் முதலில் தண்ணீர், அப்புறம்தான் தீவனம். கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர், லிட்டருக்கு ஒரு கைப்பிடி பனைவெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ கரைத்தது. ஒவ்வொரு குஞ்சாக எடுத்து அலகை ஒருமுறை தண்ணீரில் லேசாகத் தொட்டுவிட்டு இறக்கிவிடுங்கள், நூறு குஞ்சுக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. தண்ணீர்க் குடுவையின் விளிம்பில் கூழாங்கல் போட்டு வையுங்கள், குஞ்சு உள்ளே இறங்கி நனையாது. நனைந்த குஞ்சு பிழைப்பது கஷ்டம்.

இரண்டு மணி நேரம் கழித்து உடைத்த மக்காச்சோளக் குருணையைச் செய்தித்தாள் மேல் தூவுங்கள். கொத்துகிற சத்தம் தாளில் டப்டப் என்று கேட்கும், அந்தச் சத்தத்துக்கே மற்றக் குஞ்சுகளும் வரும். சாயங்காலத்திலிருந்து ஸ்டார்ட்டர் தீவனம், அதாவது குஞ்சுக்கென்றே விற்கிற தீவனம்.

முதல் வாரம் குஞ்சு மட்டத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் வேண்டும், வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். வெப்பமானி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லிவிடும். பல்புக்கு அடியில் குவிந்து கிச்கிச்சென்று கத்தினால் சூடு போதவில்லை, பல்பை இறக்குங்கள். தகட்டோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கமிருந்து காற்று அடிக்கிறது. வட்டம் முழுக்கப் பரவி, சில தின்று, சில தூங்கி, சில ஓடிக்கொண்டிருந்தால் எல்லாம் சரி. நடுராத்திரி ஒருமுறை, விடியற்காலை நாலு மணிக்கு ஒருமுறை எழுந்து பார்க்கத்தான் வேண்டும், அதற்கு மாற்று வழி இல்லை. வெயில் காலத்தில் இரண்டு வாரத்தில் பல்பை நிறுத்திவிடலாம், மழை, பனிக் காலத்தில் நாலு வாரம் வரை ராத்திரியில் தேவைப்படும்.

முதல் நாள் ராத்திரி ஒன்பது பத்து மணிக்கு ஒரு பத்துக் குஞ்சைப் பிடித்து, கழுத்துக்குக் கீழே மார்புக்கு மேலே இருக்கும் இரைப்பையை இரண்டு விரலால் தொட்டுப் பாருங்கள். பிசைந்த மாவு மாதிரி மெத்தென்று நிறைந்திருக்க வேண்டும். காலியாக இருந்தால் அந்தக் குஞ்சு தீவனத்தைக் கண்டுபிடிக்கவில்லை. கெட்டியாக இருந்தால் தின்றிருக்கிறது, தண்ணீர் குடிக்கவில்லை. காலைத் தூக்கி உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் தரை சூடேறவில்லை. எந்த மருந்தும் டானிக்கும் இந்தச் சோதனைக்கு ஈடாகாது.

மூன்றாம் நாளிலிருந்து தினமும் ராத்திரி கொஞ்ச நேரம் விளக்கை அணைத்துப் பழக்குங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே. இருட்டே பார்க்காத குஞ்சுகள் திடீரென்று கரண்டு போனால் மிரண்டு குவிந்துவிடும்.

தீவனம்

பலர் சறுக்குகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் எட்டு வாரம் ஸ்டார்ட்டர் தீவனம், புரதம் 20 சதவீதம் அளவில். நாட்டுக்கோழி ஸ்டார்ட்டர் கிடைக்காவிட்டால் முதல் மூன்று நாலு வாரம் பிராய்லர் ஸ்டார்ட்டர் போடலாம், தப்பில்லை, அதில் ஊசி இருக்கிறது ஹார்மோன் இருக்கிறது என்கிற பேச்செல்லாம் வேண்டாம், அது மக்காச்சோளமும் சோயாவும்தான். போடவே கூடாதது முட்டைக்கோழித் தீவனம். நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் அது சுலபமாகக் கிடைக்கிறது, விலையும் கொஞ்சம் குறைவு, அதனால் குஞ்சுக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். முட்டை ஓட்டுக்காக அதில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை, நாலு சதவீதம் இருக்கும். குஞ்சுக்கு வேண்டியது ஒரு சதவீதம். மிச்சமெல்லாம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அரிசி, பழைய சோறு, கம்பு மட்டும் போட்டு வளர்ப்பது அடுத்த தப்பு. வயிறு நிறையும், உடம்பு வராது. நொய்யரிசியில் புரதம் எட்டு சதவீதம் சொச்சம்தான். அப்படி வளர்ந்த குஞ்சுக்கு இறக்கை மட்டும் நீளமாகத் தொங்கும், மார்பு கத்தி முனை மாதிரி நிற்கும், ஆறு வாரத்துக் குஞ்சு மூன்று வாரத்துக் குஞ்சாகத் தெரியும். அந்த இழப்பை அப்புறம் எவ்வளவு தீவனம் போட்டாலும் முழுக்கச் சரிக்கட்ட முடியாது.

அளவு என்று பார்த்தால், முதல் வாரம் குஞ்சு ஒன்று நாளைக்கு ஏழெட்டு கிராம் தின்னும், நாலாம் வாரத்தில் 30 கிராம், எட்டாம் வாரத்தில் 55, பன்னிரண்டாம் வாரத்தில் 75 கிராம் சுமாராக. கூட்டிப் பார்த்தால் நூறு குஞ்சுக்கு முதல் நாலு வாரத்துக்கு ஒரு 50 கிலோ மூட்டை சரியாக இருக்கும், எட்டு வாரம் முடிய 180 கிலோ பக்கம், பன்னிரண்டு வாரத்துக்கு மேய்ச்சலே இல்லாவிட்டால் 350-லிருந்து 400 கிலோ. முதல் மாதத்துக்கு ஆவது ஒரே ஒரு மூட்டைதான் என்பதைப் பாருங்கள். அதில் போய் யாராவது மிச்சம் பிடிப்பார்களா? மிச்சம் பிடிக்க வேண்டியது எட்டாம் வாரத்துக்கு அப்புறம்தான். மூட்டை மூட்டையாகப் போவதே அப்போதுதான்.

எட்டு வாரத்துக்குமேல் வீட்டிலேயே கலந்துகொள்ளலாம். நூறு கிலோவுக்கு ஒரு கணக்கு: உடைத்த மக்காச்சோளம் 45 கிலோ, கம்போ சோளமோ 15, அரிசித்தவிடு 12, சோயாப் புண்ணாக்கு 18, கடலைப் புண்ணாக்கு 5, உப்புப் போடாத கருவாட்டுத்தூள் 2, கோழிக்கான தாது உப்புக் கலவை 2, கிளிஞ்சல் தூள் 700 கிராம், சாப்பாட்டு உப்பு 300 கிராம். புரதம் 17, 18 சதவீதம் வந்துவிடும். கருவாடு உப்புக் கருவாடாக இருந்தால் சாப்பாட்டு உப்பை விட்டுவிடுங்கள், உப்பு கூடினால் கழிச்சல் எடுத்துச் சாகும். தாது உப்பும் உப்பும் கொஞ்சமாக இருப்பதால் முதலில் அவற்றைத் தவிட்டோடு பிசறி, அப்புறம் மற்றதோடு சேருங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கட்டிக்கொள்ளும். பதினைந்து நாளுக்கு மேல் ஆகிற அளவுக்குக் கலந்து வைக்க வேண்டாம், தவிட்டு எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும்.

பூசணம் பிடித்த எதையும் கோழிக்குப் போடக் கூடாது, அதிலும் கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும். அஃப்ளடாக்சின் என்கிற பூஞ்சை நச்சு ஈரலைக் கெடுக்கும், காய்ச்சினாலும் வெயிலில் போட்டாலும் போகாது. அதைத் தின்ற கோழிக்குத் தடுப்பூசியும் சரியாக வேலை செய்யாது. மக்காச்சோளத்தைப் பல்லால் கடித்துப் பாருங்கள், படீரென்று உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம் இருக்கிறது, திருப்பி அனுப்பிவிடுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள்.

கீரை வகைகளை இரண்டாம் வாரத்திலிருந்து பொடியாக நறுக்கிப் பழக்கலாம். முருங்கைக்கீரை, அகத்தி, வேலிமசால் மூன்றும் அருமையானவை. கொத்தாகக் கட்டி, கோழி எட்டிக் கொத்துகிற உயரத்தில் தொங்கவிடுங்கள், ஒன்றையொன்று கொத்துகிற பழக்கமும் குறையும். தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாச் செடி பற்றி நிறையப் பேசுகிறார்கள். உலர்ந்த அசோலாவில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் இருப்பது உண்மை. ஆனால் தொட்டியிலிருந்து அள்ளுகிற அசோலாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர், ஒரு கிலோ அள்ளிப் போட்டால் பதினைந்து கிராம் புரதம் தேறினால் பெரிது. கீரை மாதிரிப் போடுங்கள், நல்லதுதான். தீவனத்துக்குப் பதிலாக அதை நம்பாதீர்கள்.

அதைவிடக் குஞ்சுக்குப் பெரிய விருந்து கரையான். வாயகன்ற பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல், ஓலைத் துணுக்கு எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் ஓடுகிற இடத்தில் மண்ணைச் சுரண்டிவிட்டு சாயங்காலமாகக் கவிழ்த்து வையுங்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் எடுத்துக் குஞ்சுகளுக்கு நடுவில் தட்டினால், அந்தப் பத்து நிமிடமும் வேறு எதையும் அவை திரும்பிப் பார்க்காது. ஒரு பானையில் முப்பது குஞ்சுக்குப் போதுமான அளவு கிடைக்கும். பூச்சிமருந்து அடித்த நிலத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

தீவனத் தட்டு கோழியின் முதுகு மட்டத்துக்கு இருக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. தரையில் வைத்து நிறைய நிரப்பினால் காலால் வாரி இறைத்துவிடும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், தின்கிற தீவனத்தைப் போல இரண்டு மடங்கு குடிக்கும், சித்திரை வைகாசியில் இன்னும் கூட.

தடுப்பூசி

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் என்றும் சொல்வார்கள், வந்துவிட்டால் மருந்து கிடையாது, நூறில் எண்பது தொண்ணூறு போய்விடும். ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் லசோட்டா அல்லது எஃப் வகைச் சொட்டு மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. பதினான்காம் நாள் வாக்கில், குஞ்சின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கிற கம்போரோ நோய்க்கான சொட்டு. நாலாம் வாரத்தில் மறுபடி லசோட்டா. ஆறேழு வாரத்தில் அம்மைத் தடுப்பூசி. எட்டு வாரம் முடிந்ததும் இறக்கைக்கு அடியில் தோலுக்குள் அரை மில்லி வெள்ளைக்கழிச்சல் ஊசி. இந்தக் கடைசி ஊசியை முன்பு சொட்டு மருந்து கொடுக்காத கோழிக்குப் போடக் கூடாது. உங்கள் பகுதியின் நோய் நிலவரத்துக்குத் தக்கபடி நாட்களை மருத்துவர் கொஞ்சம் முன்பின் மாற்றச் சொல்லலாம்.

மருந்து உயிருள்ளது. கடையிலிருந்து பனிக்கட்டி போட்ட ஃபிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தால் அது வெறும் தண்ணீர். கலந்தபின் ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடியுங்கள், வெயிலுக்கு முன் அதிகாலையில், அல்லது சாயங்காலம். சொட்டு விட்டதும் குஞ்சு கண்ணைச் சிமிட்டி உள்ளே இழுக்கும் வரை கையிலேயே வைத்திருந்து அப்புறம் விடுங்கள். அரசு கால்நடை மருந்தகங்களில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடுகிறார்கள், வருடத்துக்கு ஒருமுறை முகாமும் நடக்கும், பக்கத்து மருந்தகத்தில் நாள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது கோழிக்கு நல்லதுதான், நானும் கொடுக்கிறேன். தடுப்பூசிக்குப் பதில் அது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

வெளியே விடுவது

நாலு வாரம் வரை உள்ளேயே. அப்புறம், இரண்டாவது லசோட்டா போட்டு ஒரு வாரம் போனதும், பனி காய்ந்தபின் பத்து மணிவாக்கில் ஒருமணி, இரண்டுமணி நேரம் கொட்டகையை ஒட்டிய சின்னத் தடுப்புக்குள் விடுங்கள். ஆறு வாரம் ஆனதும் பகல் முழுக்க விடலாம். நூறு கோழிக்குப் பத்து சென்ட் நிலம் இருந்தால் நல்லது, அதையும் இரண்டாகத் தடுத்து மாற்றி மாற்றி மேயவிடுங்கள். ஒரே இடத்தில் விட்டால் ஒரே மாதத்தில் புல் பூண்டு இல்லாத வெறும் தரையாகி, குடற்புழு முட்டைதான் மிஞ்சும்.

மரநிழல் அவசியம், வெயிலுக்கு மட்டுமில்லை, பருந்துக்கும் வல்லூறுக்கும். முருங்கை, அகத்தி, பப்பாளி நட்டால் நிழலும் ஆச்சு, தீவனமும் ஆச்சு. வேலிக்கு ஆறடி உயரத்தில் கம்பிவலையோ பழைய மீன்வலையோ கட்டுங்கள், சிறுவிடை பறந்து தாண்டும். கீரி பள்ளம் பறித்து வரும், வலையின் அடியை ஓரடி மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள்.

மேய்ச்சலில் விட்டபின் தீவனத்தை இரண்டு வேளையாக்கிக்கொள்ளுங்கள், காலையில் கொஞ்சம், அடைவதற்கு முன் சாயங்காலம் நிறைய. காலையில் வயிறு முட்டப் போட்டால் மேயவே போகாமல் கொட்டகை வாசலிலேயே படுத்திருக்கும். புல்லும் பூச்சியும் நன்றாக உள்ள நிலத்தில் எட்டு வாரத்துக்குமேல் தீவனத்தில் கால்வாசி வரை குறைக்கலாம், காய்ந்துகிடக்கிற கோடையில் ஒன்றும் குறைக்க முடியாது. சாயங்காலத் தீவனம் போடும்போது தினமும் ஒரே தட்டைத் தட்டி, ஒரே மாதிரி பா பா பா என்று கூப்பிடுங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும், மழை வருகிற நேரத்தில் நூறு கோழியையும் ஐந்து நிமிடத்தில் உள்ளே வரவைக்க இது ஒன்றுதான் வழி. உள்ளே இரண்டடி உயரத்தில் உருட்டுக் கம்புகள் கட்டினால் அதில் அடையும், எச்சமும் ஒரே இடத்தில் விழும்.

கவனிக்க வேண்டிய நோய்கள்

மூன்றிலிருந்து ஆறு வாரத்துக் குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றால், எச்சத்தில் ரத்தம் இருக்கிறதா பாருங்கள். அது ரத்தக்கழிச்சல், ஈர உமியில்தான் வளரும். ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் தண்ணீரில் எல்லாக் குஞ்சுக்கும் கொடுங்கள், நனைந்த உமியை அன்றே அள்ளி வெளியே போடுங்கள். தினமும் உமியைக் கிளறிவிடுவதுதான் தடுக்கிற வழி. குஞ்சு மட்டத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள், கண் எரிந்தால் உமி கெட்டுவிட்டது.

குடற்புழு மருந்தை ஏழாம் வாரத்தில் ஒருமுறை, அப்புறம் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை. அம்மை கொசுவால் பரவும், கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வந்தால் தனியே பிரித்து வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துக் கண்ணில் படாமல் தடவுங்கள். செத்த கோழியைக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள், நாய்க்குப் போடவே கூடாது. இரண்டு நாளில் நாலைந்துக்கு மேல் சாகிறது என்றால் கடைக்காரரிடம் மருந்து கேட்காமல் செத்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள், அறுத்துப் பார்த்துச் சொல்வார்.

எடையும் விற்பனையும்

வாரம் ஒருநாள் சாயங்காலம் பத்துக் கோழியைப் பிடித்து எடை போட்டு எழுதி வையுங்கள். சிறுவிடை நாலு வாரத்தில் 150-லிருந்து 200 கிராம், எட்டு வாரத்தில் அரைக்கிலோ பக்கம் வந்தால் சரியான பாதையில் போகிறீர்கள், மேம்படுத்திய இனம் என்றால் இதைவிடக் கூடவே வரும். இரண்டு வாரம் தொடர்ந்து எடை நின்றால் தீவனமா, புழுவா என்று உடனே பாருங்கள். பத்து வாரத்தில் சேவலையும் பெட்டையையும் பிரித்துவிட்டால் பெட்டைகள் நிம்மதியாகத் தின்னும். ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கும்போது விற்றுவிடுங்கள், அதற்குமேல் தின்கிற தீவனத்துக்கு ஏற்ற எடை வராது.

வியாபாரியிடம் மொத்தமாகக் கொடுத்தால் விலை அவர் சொல்வதுதான். முதல் பேட்சில் பாதியையாவது அக்கம்பக்கம், சொந்தக்காரர்கள், உள்ளூர் மெஸ் என்று நேராக உயிர் எடைக்கு விற்றுப் பாருங்கள். நோய்க்கு மருந்து கொடுத்திருந்தால் அந்த மருந்துக்கு மருத்துவர் சொன்ன நாள் கழிந்தபின்தான் விற்க வேண்டும். பிடிப்பது இருட்டியபின், சத்தமில்லாமல், இரண்டு காலையும் சேர்த்து. பகலில் துரத்திப் பிடித்தால் எடையும் குறையும், இறக்கையும் ஒடியும்.

எல்லாம் விற்றதும் உமியை ஒன்றுவிடாமல் வாரி மக்கவையுங்கள், மக்கியபின் தென்னைக்கு அதைவிட நல்ல உரம் இல்லை. தரையையும் சுவரையும் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, தட்டு குடுவைகளைப் பிளீச்சிங் தண்ணீரில் முக்கி வெயிலில் காயப்போட்டு, கொட்டகையை இரண்டு வாரம் சும்மா போட்டுவையுங்கள். அடுத்த குஞ்சுக்கு முன்பணம் கட்டுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.